அம்மாவின் கூலி எந்த வங்கிக்குப் போனது?

வங்கிக்கு ஆதார் எண் கொடுப்பது பெரிய வேலை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு ஜெராக்ஸ், ஒரு கையெழுத்து, முடிந்தது. அந்த நினைப்பால் என் அம்மாவின் ஏழு வாரக் கூலி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மாதக் கணக்கில் அலைந்தோம். நேற்று அம்மா பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டு வந்து போன் செய்தார். மனசு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஊரில் இன்னும் எத்தனை பேர் இதே சிக்கலில் இருக்கிறார்களோ.

அம்மா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போகிறார். நான் திருப்பூரில். 2024 பிப்ரவரி கடைசியில் அம்மா போனில், "எல்லாருக்கும் காசு ஏறிடுச்சு பாப்பா, எனக்கு மட்டும் வரல" என்றார். நூறு நாள் கூலி தாமதமாவது புதிதில்லை. ஆனால் அதே வாய்க்காலில் பக்கத்தில் நின்று தூர் வாரியவர்களுக்கு வந்திருக்கிறது, அம்மாவுக்கு வரவில்லை என்றால் அது தாமதம் இல்லையே.

அம்மா தனியாக வங்கிக்குப் போனார். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, யூனியன் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார். ஒன்றிய அலுவலகத்தில் வேலை அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்து, "பணம் ஏறிடுச்சும்மா, பேங்க்ல கேளுங்க" என்றார்கள். திரும்ப வங்கி. திரும்ப அதே பதில். இப்படி மூன்று நாள். வங்கிக்குப் போகிற அன்று வேலைக்குப் போக முடியாது, அன்றைய கூலியும் போய்விடும். வராத கூலியைத் தேடப் போய் வரவேண்டிய கூலியையும் இழந்தார். இதைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர்தான் முதல் முதலாக விஷயத்தை உடைத்துச் சொன்னார். "அக்கா, முன்னாடி கணக்கு நம்பரைப் பார்த்துப் பணம் போச்சு. இந்த ஜனவரியிலேர்ந்து ஆதார் நம்பரைப் பார்த்துத்தான் போகுது. அம்மா ஆதார் எந்த பேங்க்ல மேப் ஆகியிருக்கோ அங்கதான் விழும். லிங்க் வேற, மேப்பிங் வேற." அவருக்கு நன்றி. அந்த ஒரு வாக்கியத்தை வங்கியில் யாராவது சொல்லியிருந்தால் அம்மா மூன்று நாள் அலைந்திருக்க மாட்டார்.

அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். நாம் வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் அவர்கள் அதை நம் கணக்கு விவரத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அது நாம் யார் என்று அடையாளம் காட்டுவதற்கு. அரசுப் பணம் வருவதற்கு வேறொரு பட்டியல் இருக்கிறது, என்பிசிஐ என்ற நிறுவனம் வைத்திருப்பது. அதில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேராக ஒரே ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். கணக்கு எண்கூட அதில் கிடையாது, வங்கி மட்டும்தான். அந்தப் பட்டியலில் ஏறுவதுதான் மேப்பிங். கடைசியாக எந்த வங்கி அந்தப் பட்டியலில் ஏற்றியதோ, அந்த வங்கிக்குத்தான் கூலியும் மானியமும் போகும். நான்கு வங்கியில் ஆதார் கொடுத்திருந்தாலும் நான்கிலும் 'லிங்க்' என்று காட்டும், பணம் விழுவது ஒன்றில்தான். கவுன்டரில் 'ஆதார் சேர்ந்திருக்கா' என்று கேட்டால் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். 'டிபிடி பணம் வர இந்தக் கணக்கு என்பிசிஐ மேப்பிங்கில் இருக்கிறதா' என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசு நேராகக் கணக்கில் போடும் பணம்.

எந்த வங்கி என்று பார்ப்பது எப்படி? ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் நுழைந்தால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் உள்ளே போக ஓடிபி வேண்டும், ஓடிபி போவது ஆதாரில் பதிந்த போன் எண்ணுக்கு. அம்மாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ செத்துப்போன சிம்மின் எண். போன் எண்ணை இணையத்தில் மாற்ற முடியவில்லை, நேரில்தான் போக வேண்டும் என்றார்கள். சரி என்று தபால் நிலையத்தில் இருக்கும் ஆதார் மையத்துக்குப் போனோம். அப்போது கட்டணம் 50 ரூபாய், டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

கைரேகை விழவில்லை. கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் வரும், அம்மா கட்டை விரலை அழுத்துவார், திரையில் மறுபடி வை என்று வரும். மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் வழுவழுப்பாகத் தேய்ந்து, நடுநடுவே கறுப்புக் கோடாக வெடிப்பு ஓடுகிறது. ரேஷன் கடையிலும் இதே கதைதான் என்று அம்மா மெதுவாகச் சொன்னார், தன் மேல் ஏதோ தப்பு இருப்பது போல. எனக்குத் தொண்டை அடைத்தது. மையத்தில் இருந்த அக்கா எழுந்து வந்து, குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நன்றாகத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகு இடது மோதிர விரல் விழுந்தது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், பத்து விரலையும் முயன்று பார்க்காமல் திரும்பாதீர்கள். இன்னொன்று, ஆதாரில் உங்கள் எண்ணைக் கொடுக்காமல் அம்மா அப்பாவின் சொந்த எண்ணையே கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

நான்கு நாள் கழித்துத் திருப்பூரில் இருந்தபடி நான் உள்ளே நுழைய, அம்மா போனில் ஓடிபி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். திரையில் வந்த வங்கிப் பெயரைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். எங்கள் வங்கி இல்லை, போனிலேயே கணக்கு நடத்தும் ஒரு பேமென்ட்ஸ் வங்கி. மேப்பிங் செயலில் இருக்கிறது, பதிந்தது 2017 நவம்பர்.

தேதியைச் சொன்னதும் அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது. அந்த வருஷம் சிம்மை ஆதாரோடு சேர்க்காவிட்டால் லைன் கட்டாகிவிடும் என்று ஊரே போன் கடை வாசலில் நின்றது. "கடையில மூணு தடவை விரல் வைக்கச் சொன்னாங்க பாப்பா. முதல் தடவை சரியா விழலையாக்கும்னு நானும் வச்சேன்." அந்த மூன்றில் ஒரு விரல் சிம்முக்கு, இன்னொன்று அம்மா கேட்காத ஒரு வங்கிக் கணக்குக்கு. எங்களுக்கு அப்படித்தான் படுகிறது. அது மட்டும் இல்லை. அந்த நாளிலிருந்தே கேஸ் மானியம் வரவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். 'எல்லாருக்கும் நிறுத்திட்டாங்கம்மா' என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அப்புறம் வங்கிக்குப் போன கதை. ஞாயிறு இரவு பஸ் ஏறித் திங்கள் காலை போய் நின்றால் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. ஏப்ரல் 1. கணக்கு முடிப்பு, பொதுமக்களுக்கு வங்கி கிடையாது. எனக்கு அது தோன்றவே இல்லை, ஒரு நாள் லீவு போனது.

மறுநாள் 'லிங்க்' படிவத்தையே எடுத்து நீட்டினார்கள். மேப்பிங் படிவம் வேண்டும் என்றேன். "எல்லாம் ஒண்ணுதாங்க." இல்லை என்று நின்றேன். உள்ளே போய்த் தேடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வந்தார்கள். அடுத்து இனிஷியல். பாஸ்புக்கில் அம்மாவுக்கு அப்பாவின் இனிஷியல், ஆதாரில் தாத்தாவின் இனிஷியல். போதாததற்கு ஆங்கில எழுத்தில், அம்மா பெயரில் வரும் 'தன'வுக்கு ஒன்றில் டி மட்டும், மற்றதில் டிஎச். நம் ஊரில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்தே இருந்ததால் மேலாளர் ஒத்துக்கொண்டார், பாஸ்புக் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்ற ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். ரேஷன் கார்டைக் கையோடு கொண்டுபோயிருக்காவிட்டால் இன்னொரு நாள் போயிருக்கும்.

படிவத்தைக் கவுன்டரில் இருந்தவரே நிரப்பி டிக் அடித்தார். அவசரத்தில் நான் வாங்கிப் படிக்கவில்லை. இருபது நாள் போனது, தேர்தலும் வந்து போனது, இணையத்தில் இன்னும் பழைய வங்கியே இருக்கிறது. அதற்குள் இன்னும் இரண்டு வாரக் கூலி அங்கேயே போய் விழுந்திருந்தது.

ஏப்ரல் 22 மறுபடி வங்கி. அன்று வேறு ஓர் இளம் அதிகாரி இருந்தார். படிவத்தைத் தேடி எடுத்து ஒரு பார்வைதான் பார்த்தார். "புதுசா சேர்க்கிற கட்டத்துல டிக் போட்டிருக்காங்க. உங்களது ஏற்கெனவே வேற பேங்க்ல இருக்கு. மாத்தற கட்டத்துல டிக் போட்டு, அந்தப் பழைய பேங்க் பேரையும் எழுதணும். இல்லன்னா அங்கேர்ந்து நகராது." ஒரு டிக். இருபது நாள்.

இந்த முறை நானே நிரப்பினேன். முத்திரை போட்டு, தேதி எழுதி, கையெழுத்திட்ட நகல் ஒன்றும் கேட்டு வாங்கினேன். கொடுக்கத் தயங்கினார்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கு இந்த நகல்தான் ஆதாரம் என்றேன். கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் மாலை வங்கிப் பெயர் மாறியிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நம்ம பேங்க் பேருதானா? நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பழைய பணத்தை எடுப்பது கடைசி வேலை. அந்தப் பேமென்ட்ஸ் வங்கிக்கு டவுனில் ஒரு முகவர் கடை இருந்தது. கணக்கு பல வருஷம் அசையாமல் கிடந்ததால் மறுபடி கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு, மறுபடி கைரேகை. இந்த முறை அம்மா வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார், நேராக இடது மோதிர விரலை வைத்தார், முதல் தடவையே விழுந்தது. கணக்கில் கூலி 10,460 ரூபாயும், பழைய கேஸ் மானியம் 3,870 ரூபாயும் இருந்தன. ஒரே தடவையில் தர முடியாது என்று முகவர் இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுத்தார். 'சர்வீஸ் சார்ஜ்' என்று 200 ரூபாய் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். ரசீது கொடுங்கள், தருகிறேன் என்றதும் விட்டுவிட்டார். எடுத்த கையோடு கணக்கை மூடவும் எழுதிக் கொடுத்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அரசு உதவித்தொகை எதுவும் வாங்காதவர்கள் வங்கிக் கணக்கோடு ஆதாரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வாங்குகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அப்படிக் கொடுக்கும்போது நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். புதுக் கணக்கு எங்கே திறந்தாலும் 'அரசு மானியத்தை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்' என்ற கட்டம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தெரியாமல் அதில் டிக் விழுந்தால் மேப்பிங் அங்கே போய்விடும். கடையில் இரண்டாவது தடவை விரல் வைக்கச் சொன்னால், எதற்கு என்று கேட்காமல் வைக்காதீர்கள். அம்மாவின் கைரேகையை இப்போது ஆதார் தளத்திலேயே பூட்டி வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் தமிழிலேயே பேசுகிறார்கள்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவோடு வேலை பார்க்கும் ஆறு பேருக்கு என் போனில் பார்த்துக் கொடுத்தேன். இரண்டு பேருடையது வேறு வங்கியில் இருக்கிறது. ஒருவருக்கு அது எந்த ஊர் வங்கி என்றே தெரியவில்லை. வரும் திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டு அம்மா போகிறார். மேப்பிங் படிவம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், பழைய வங்கிப் பெயரை எங்கே எழுத வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மா அதைப் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருக்கிறார்.