பாட்டியும் நாலு சுவரும்

மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு எந்தக் குழந்தையும் எங்கள் ஓ.பி.க்கு வருவதில்லை. வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற அடம், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது இப்படித்தான் வரும். ஸ்கேன் எடுத்து, பூச்சி மாத்திரை கொடுத்து, மந்திரித்துக் கயிறும் கட்டிய பிறகுதான் யாராவது எங்கள் மனநலப் பிரிவு அறைப் பக்கம் கை காட்டுவார்கள். பிள்ளைகளிடம் சோகம் பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்து, விளையாட்டிலும் நாட்டம் போய், தூக்கமும் சாப்பாடும் மாறினால் கவனிக்க வேண்டும். வீட்டில் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கொழுப்பு’.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். மூன்று பேருமே தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மாவட்ட மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். கதை சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. தன்னம்பிக்கைக் கதைகளை மட்டும் தொடுவதில்லை. திரும்பத் திரும்ப விழுந்தும் ஏறிய சிலந்தியின் கதையை ஒரு பையனுக்குப் பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் என்னிடம் சொன்னான்: “சிலந்திக்கு மேல ஏறணும்னு ஆசை இருந்துச்சு மிஸ். எனக்கு அதுவே இல்ல.” நோயை இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நான் அடிக்கடி சொல்வது நம் ஊர் நாட்டுப்புறக் கதை ஒன்று. ஒரு விதவைப் பாட்டி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நாலு பேரும் அவளைப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. சொல்லாத துக்கமெல்லாம் உள்ளேயே சேர்ந்து உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. “தின்னு தின்னு பெருத்துட்டா” என்று அதற்கும் கேலி. ஒருநாள் கால் போன போக்கில் நடந்து, கூரையில்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகிறாள். மூத்த மகன் செய்ததை ஒரு சுவரிடம் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. ஆளுக்கொரு சுவராக நாலும் விழுந்து முடிகிறபோது பாட்டி லேசாகி நிற்கிறாள்.

அவ்வளவுதான் கதை. மகன்கள் திருந்துவதில்லை, பாட்டிக்குப் புதையலும் கிடைப்பதில்லை. “உனக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, பாட்டிக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் பேசிக்கொண்டே போகும். இது நெஜமா நடந்ததா என்று கேட்பார்கள். தெரியாது, என் பாட்டிக்கு அவங்க பாட்டி சொன்னது என்பேன். அத்தனை காலம் முன்னாடியே இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “கூரை இருந்திருந்தா பாட்டி தலைமேலயே விழுந்திருக்கும்ல மிஸ்?” நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: “எங்க வீட்ல கூரை இருக்கு.” தான் வாய் திறந்தால் வீடே இடிந்துவிடும், அம்மா தாங்கமாட்டாள் என்ற பயம். அதன் பிறகு நான் அதிகம் பேசியது அவள் அம்மாவிடம்தான். பிள்ளை சொல்வதைக் கேட்கும்போது குறுக்கே அழாமல், “இதுக்குப் போயா” என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்க ஒரு தாய்க்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது.

கதை சொன்னால் சரியாகிவிடுமா மேடம் என்று பெற்றோர் ஆசையோடு கேட்பார்கள். ஆகாது. மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார், கவுன்சலிங் மாதக்கணக்கில் போகும். செத்துப்போகலாம் என்றோ, தூங்கி எழுந்திருக்கவே கூடாது என்றோ ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் கதை அங்கேயே நிற்கும். அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். ராத்திரி நேரமென்றால் 14416 இருக்கிறது. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்.

நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கும் நாட்களில், பாட்டி அப்புறம் எங்கே போனாள் என்று கேட்டு நிறுத்திவிடுவேன். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கும் என்பாள் ஒருத்தி. அங்கேயே படுத்து நல்லாத் தூங்கியிருக்கும் என்பான் இன்னொருவன். போன மாதம் வந்த தீர்ப்பு: அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வந்து செவுரைத் திரும்பக் கட்டச் சொல்லணும், கூலி கிடையாது, டீயும் கிடையாது. டீ கொடுக்கலாமா கூடாதா என்பதில் அன்றைக்கு ஒரே சண்டை.