ட்யூப் ஆம்ப்ல காருகுறிச்சியார் கேட்டேன்

ட்யூப் ஆம்ப், அதாவது பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வச்ச ஆம்ப்ளிபையர், வாங்கிட்டா எல்லா பாட்டும் இனிப்பா கேக்கும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கு. அப்படி இல்ல. எது நல்லா கேக்கும் எது கேக்காதுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, சுதி ஸ்வரம் லேசா தெரிஞ்சவங்களுக்கு அது டக்குனு புடிபடும், அதத்தான் எழுதுதேன்.

சாமான் என்னன்னு மொதல்ல சொல்லிருதேன். ஓடிஎல் ஆம்ப், அதாவது அவுட்புட்ல டிரான்ஸ்பார்மர் கிடையாது. முன்னால 6எஸ்என்7 ட்யூப் ஒண்ணு, பின்னால கட்டையா தடியா 6080 ஒண்ணு. ஹெட்போன் சென்ஹைசர் எச்டி 650, இம்பீடன்ஸ் (கரண்டுக்கு அது காட்டுற தடை) 300 ஓம். ரெண்டு ட்யூப்போட ஹீட்டர் மட்டுமே கிட்டத்தட்ட 20 வாட் இழுக்கும், பாளையங்கோட்டை மே மாச வெக்கையில பேன் முழு ஸ்பீடுல ஓடினாலும் மேசைப் பக்கம் அனலடிக்கும், அதனால வீடு அடங்குன பொறவு ராத்திரிதான் போடுதேன். சுவிட்ச தட்டுனதும் உள்ள கம்பி மெதுவா செவக்கும், கொஞ்ச நேரம் சத்தமே வராது, பொறவு வரும், ஆனா கால் மணி நேரம் சூடேறுன பொறவுதான் எனக்கு கேக்க சரியா இருக்கு.

வந்த புதுசுல காதுக்குள்ள ங்ம்ம்னு ஒரே இரைச்சல். எங்க வீடு பழைய வீடு, அந்த ரூம் பிளக்குல எர்த் கம்பியே வரல. எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வால்வு ரேடியோ காலத்துலயே ரிப்பேர் கடையில வேல பாத்தவரு, ஆம்ப திருப்பிப் பாத்ததுமே "ஏ தம்பி, உள்ள எரநூறு வோல்ட்டுக்கு மேல நிக்கும், எர்த் இல்லாம இத தொடவே கூடாது கேட்டியா"ன்னு சத்தம் போட்டாவ. கொல்லையில குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, புதுசா எர்த் எடுத்துக் குடுத்தாவ. இரைச்சல் நின்னுட்டு. பழைய வீட்ல இருக்கவங்க யாரும் இத வாங்குனா மொதல்ல பிளக்க பாத்துகிடுங்க.

இப்ப பாட்டுக்கு வாறேன். நான் மொதல்ல போட்டது நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். வேற யாரப் போடுவேன், சேரன்மகாதேவி தாண்டி அம்பாசமுத்திரம் போற ரோட்டுலதான் அவர் ஊரு. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர், 1964லயே போய்ச் சேந்துட்டாரு, ஆனா 1962ல வந்த கொஞ்சும் சலங்கை படத்துல ஜானகியம்மா பாட அவர் ஊதுன அந்த ஆபேரி ராகப் பாட்டு இன்னிக்கும் நம்ம பக்கத்து கல்யாண வீட்ல கேக்காம இருக்காது. அத எத்தனையோ ஸ்பீக்கர்ல கேட்டாச்சு. சாதாரண ஆம்ப்ல மேல் ஸ்தாயிக்கு அவர் போகும்போது எனக்கு காது கூசும், கை தானா வால்யூம கொறைக்கும். இதுல கொறைக்கத் தோணல. நாயனத்துல வாய் வச்சு ஊதுற சீவாளில உதடு இறுகுறதும், ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கி வருத அந்த கமகமும், நடுவுல மூச்சு எடுக்குற இடமும் தனித்தனியா தெரியுது. குரலும் நாயனமும் மாத்தி மாத்தி ஸ்வரம் சொல்லுத இடத்துல ரெண்டுமே ஒரே அளவு ஆளா முன்னால நிக்கி. நெஜமா கண்ணு கலங்கிட்டு.

ஏன் இப்படின்னா, இந்த மாதிரி ட்யூப் சேக்குற கலப்படத்துல பெரும்பங்கு ரெண்டாவது ஹார்மோனிக். ரெண்டாவது ஹார்மோனிக்னா அதிர்வெண் ரெண்டு மடங்கு, அப்ப அது மேல் ஸ்தாயில உள்ள அதே ஸ்வரம். அவர் மத்திமம் ஊதுனா ஆம்ப் கூட கொஞ்சம் மேல் மத்திமத்த தொட்டுக்கிட்டு வருது, சுதி கெடவே கெடாது, சத்தத்துக்கு சதை கூடுது. அதனாலதான் ஒத்த ஆள் பாடுறது, ஒத்த வாத்தியம் வாசிக்கிறது எல்லாம் இதுல அப்படி நிக்கி.

ஆனா நாலஞ்சு சத்தம் ஒரே நேரத்துல வந்தா கத வேற. அப்ப அந்த அதிர்வெண்கள் ஒண்ணோட ஒண்ணு கூடியும் கழிஞ்சும் புதுசு புதுசா சத்தம் உண்டாகும், அது எந்த ஸ்வரத்துலயும் சேராது. நையாண்டி மேளம் போட்டுப் பாத்தேன், ரெண்டு நாயனம், தவில், பம்பை, தாளம் எல்லாம் சேந்து உச்சத்துக்குப் போகையில கூழாயிருது. தவில்ல வலந்தலை அடி சுள்ளுனு விழணும், இங்க முனை மழுங்கி விழுது. இப்ப வருத சினிமா பாட்டும் அப்படித்தான், அந்த சிந்தசைசர் பேஸும் கிக்கும் நிக்க வேண்டிய இடத்துல நிக்காம இழுக்குது. அதுக்கெல்லாம் என் பழைய சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்தான், அத விக்க மாட்டேன்.

நான் எதிர்பாக்காதது வில்லுப்பாட்டு. எங்க ஊர் அம்மன் கோயில் கொடையில ஒரு சின்ன ரெக்கார்டர வில்லுக்குப் பக்கத்துல வச்சு எடுத்த ஆடியோ இருக்கு. கூட்டமா வாசிக்கறதுதான, இதுவும் கூழாகும்னுதான் நெனச்சேன், ஆகல. வில்லுல வீசுகோல் படும்போது மணி சிலுங்குறது மேல, உடுக்கு நடுவுல, குடம் அடியில, ஒண்ணு இடத்துல ஒண்ணு ஏறாது, முன்னால நின்னு பாடுற அண்ணாவி ஒரு அடி பாடி நிறுத்துன பொறவுதான் கூட்டம் "ஆமா" போடும், எல்லாத்துக்கும் நடுவுல எடம் இருக்கு. அதுலயும் குடம் இருக்கே! மண்குடத்து வாயில பத்தியால, அதாவது குடம் அடிக்குற மட்டையால, அடிக்கும்போது வருத அந்த "கும்" வயித்துக்குள்ள எறங்குது. அதுக்கும் காரணம் உண்டு, இந்த ஹெட்போன் 300 ஓம்னு சொன்னாலும் 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஐநூறு ஓம் வரைக்கும் ஏறும், ஓடிஎல் ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்கு உள்ளயே இருக்க தடை, கூடுதல்ங்கறதால அந்த எடத்துல மட்டும் சத்தம் ஒரு சுத்து வீங்கும். அளவெடுக்கிறவங்க இத குத்தம்பாங்க. குடத்துக்கு எனக்கு இது வேணும்.

நாகூர் ஹனிபா குரலுக்கு சொல்லவே வேண்டாம், மலை மாதிரி நிக்கி. சர்ச் கொயர் கீர்த்தனை பரவால்ல, ஆர்கன் முழுசா தொறந்தா மட்டும் கொஞ்சம் கலங்குது.

காதுக்குள்ள சொருகுற ஐஇஎம், 32 ஓம் ஹெட்போன் வச்சிருக்கவங்க இந்த மாதிரி ஆம்ப் பக்கம் போகாதீங்க, அடி சத்தம் மெலிஞ்சுரும், இரைச்சலும் கேக்கும். அப்புறம் சுவிட்ச் போடும்போது ஹெட்போன கழட்டி வச்சிருங்க, ட்யூப் சூடேறுன பொறவு சொருகுங்க, ஆரம்பத்துல வருத அடி ஹெட்போன் உள்ள சத்தம் எழுப்புற டிரைவருக்கு ஆகாது.

இன்னொன்னு. வில்லுப்பாட்டு கேசட் பழசு யார் வீட்டுப் பரண்ல கெடந்தாலும் தூக்கிப் போட்டுராதீங்க அண்ணாச்சி. எங்கிட்ட நல்ல கேசட் டெக் இருக்கு, பூஞ்சை புடிச்சிருந்தாலும் தொடச்சு டிஜிட்டல்ல மாத்தி, கேசட்ட திரும்ப உங்க கையிலயே குடுத்துருதேன். காசெல்லாம் வேண்டாம், ஒரு காப்பி எனக்கு வச்சுக்கிடுதேன், அது போதும்.