முப்பத்து நாலு லிட்டர் காற்று

வண்ணாரப்பேட்டை, மூலக்கடை பக்கம் காருக்கு சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) மாட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பத்து இன்ச்சா, பன்னெண்டு இன்ச்சாண்ணே?" அடுத்தது, "டிக்கியில எவ்ளோ எடம் போவும்?" காற்றுப் புகாமல் மூடிய பாக்ஸின் அளவைச் சொல்ல இந்த ரெண்டும் போதாது. பன்னிரண்டு இன்ச் என்ற ஒரே பெயரில் வரும் இரண்டு வூஃபர்களில் ஒன்று உள்ளே 20 லிட்டர் காற்று கொள்ளும் பாக்ஸில் அருமையாகப் பாடும், இன்னொன்றுக்கு 40 வேண்டியிருக்கும்.

வூஃபரோடு வரும் டேட்டா ஷீட்டில் மூன்று எண்களைப் பாருங்கள்: எஃப்எஸ் (வூஃபர் தனியாக இருக்கும்போது இயல்பாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் அடங்கும் என்று காட்டும் எண்; குறைந்தால் இறுக்கம்), விஏஎஸ் (வூஃபரின் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு). உதாரணத்துக்கு 30 ஹெர்ட்ஸ், 0.45, 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸில் மாட்டிய பிறகு இந்தக் கட்டுப்பாட்டு எண் மாறும்; அந்த புது க்யூ 0.707 ஆக இருந்தால் பேஸ் மேடு பள்ளம் இல்லாமல் சீராக இறங்கும். அந்த 0.707-ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்தால் 1.57. அதன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் 1.47. விஏஎஸ்ஸை இதால் வகுத்தால் 34 லிட்டர். பாக்ஸோடு சேர்ந்த அதிர்வெண், 30-ஐ 1.57-ஆல் பெருக்க 47 ஹெர்ட்ஸ்.

இதே வூஃபரை 15 லிட்டரில் அடைத்தால் க்யூ 0.94, அதிர்வெண் 62 ஹெர்ட்ஸ். பாக்ஸ் தருவது ஒரு டெசிபல் மேடுதான், ஆனால் சின்ன காரின் கேபினும் அதே இடத்திலிருந்து கீழே பேஸைத் தூக்கிவிடும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும்' கேட்பது இதனால்தான். ஆழமான பேஸ் வரவில்லை என்று ஆம்ப்பில் கெயினை ஏற்றினால், வூஃபரின் கூம்பை (கோன்) அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில்தான் சூடாகிக் கருகும். அளவுக்கு மீறிய பெரிய பாக்ஸில் கோனைப் பிடித்து நிறுத்தும் காற்று இளகிவிடும். ஓரளவு சத்தத்திலேயே காயில் பின்தட்டில் 'டக் டக்' என்று இடிக்கும். கானா, குத்துப் பாட்டு கேட்பவர்களுக்கு க்யூவை 0.7-லிருந்து 0.8 வரை வைக்கலாம், அடி இறுக்கமாக விழும்.

கணக்குப் பிசகுவது பெரும்பாலும் ஆசாரியிடம் அளவு சொல்லும்போதுதான். வெளிப்பக்கம் 50, 40, 25 செ.மீ. என்றால் சரியாக 50 லிட்டர். 18 மி.மீ. பலகை இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 செ.மீ. தின்றுவிடுவதால் உள்ளே 46.4, 36.4, 21.4 செ.மீ.தான், அதாவது 36 லிட்டர். மேக்னட், பிரேம், குறுக்குக் கட்டைக்கு இரண்டு லிட்டர் போக நமக்கு வேண்டிய 34 நிற்கும். ஒரே அறையில் இரண்டு வூஃபர் என்றால் 68. இதை மறந்து ஒன்றுக்கான பாக்ஸில் இரண்டைத் திணித்தவை நிறைய.

இரண்டு மூன்று லிட்டர் கூடக் குறைய இருந்தால் கவலை வேண்டாம். 34-க்குப் பதில் 31 கிடைத்தாலும் க்யூ 0.73-ஐத் தாண்டாது. காற்றுக் கசிவைத்தான் விடக்கூடாது. டெர்மினல் கப் (வயரை மாட்டும் கிண்ணம்), வயர் ஓட்டை, வூஃபர் விளிம்பு மூன்றிலும் ஃபோம் காஸ்கெட் போடுங்கள், உள்மூலைகளுக்கு சிலிக்கான் பூசுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் என்றால் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு நாள், வூஃபரை மாட்டாதீர்கள். அந்த அமில ஆவி உலோகத்தை அரிக்கும். பிறகு 30 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு இணைப்புகளின் ஓரம் ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை துடிக்கிற இடம் ஓட்டை.

டிக்கியில் இடமே போதவில்லை என்றால் தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு உதவும். லிட்டருக்கு 8-லிருந்து 15 கிராம், உதிர்த்துப் பரப்ப வேண்டும். பாக்ஸ் பத்து, பதினைந்து சதவீதம் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். அமுக்கித் திணித்தால் அந்தப் பலன் போய்விடும். மேக்னட் நடுவில் காற்றுத் துளை இருந்தால் பஞ்சு அதை அடைக்காமல் ஒரு வலை கட்டுங்கள்.

பலகை விஷயத்தில் காசிமேடு, ராயபுரம், எண்ணூர் கடற்கரையோரக் கார்களுக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எங்கள் தேர்வு அல்ல. டிக்கி கார்ப்பெட்டில் மழைத்தண்ணீர் ஒருமுறை ஊறினால் அடிப்பலகை ஊதி, மூலை பிளந்து, சீல் போய்விடும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் உள்ள மரைன் ப்ளைவுட் விலை கூடத்தான், ஆனால் தாங்கும். அடியில் அரை இன்ச் ரப்பர் கட்டை, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஸ்க்ரூக்களை எதிரெதிராக ஒரு சுற்று இறுக்கிவிட்டு, ஊதுவத்தியை மறுபடி ஒருமுறை காட்டிப் பாருங்கள்.