தம்பி அங்க, நாங்க வேளச்சேரில

மே 6
அக்னி நட்சத்திரம். ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் காத்து சுடுது. தம்பி கூப்பிடல.

மே 9
அவன் அண்டார்டிகா போன புதுசுல அனுப்பின போட்டோவையே பாத்துட்டிருக்கேன். நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையம் பாரதி ஸ்டேஷன் பக்கத்துல கடல் ஐஸ் துண்டு ஒண்ண புரட்டிப் போட்டிருக்கான், அடிப்பக்கம் பூரா பழுப்பு. அழுக்காடின்னு அம்மா கேட்டாங்க. உயிரும்மா அது, டயாட்டம், கண்ணுக்கே தெரியாத பாசி.

மே 10
தூக்கம் வரல, அதையே படிச்சேன். கடல் தண்ணி மைனஸ் 1.9 டிகிரில உறையுது, ஆனா உப்பு ஐஸுக்குள்ள போகாது, ஒதுங்கி ஒதுங்கி மயிரிழை மாதிரி சந்துகள்ல தேங்கிடுது, மைனஸ் 10-ல அந்தத் தண்ணி கடல விட நாலு மடங்கு உப்பு, அதுக்குள்ளதான் இந்தப் பாசி குடியிருக்கு. சின்ன ஐஸ் படிகம் கரைஞ்சு பெருசோட சேரும், பெருசு இன்னும் பெருசாகி சந்த நெரிக்கும். பாசி ஒரு புரதத்த வெளிய விடுது, அது படிகத்தோட முகத்துல ஒட்டிக்கிட்டு அதுக்கு மேல வளர விடாது. உறையற வெப்பநிலை இதனால கொஞ்சூண்டுதான் எறங்கும், பெரும்பாலும் ஒரு டிகிரி கூட இல்ல. படிகத்த அடக்கி வைக்கிறதுதான் முக்கியமான வேல.

மே 14
கூப்பிடல. அங்க புயல்னா லைன் கிடைக்காதுன்னு அம்மாகிட்ட சொன்னேன். எனக்கும் சேத்துதான்.

மே 17
அண்டார்டிகா மீன் ரத்தத்துல இந்த மாதிரி புரதம் இருக்குன்னு டிவ்ரீஸ்ங்கற விஞ்ஞானி 1969-லயே காட்டிட்டாரு. பாசிக்கு ரத்தம் ஏது, கடல்ல விட்டா கரைஞ்சு போயிடாதா? வழவழன்னு ஒரு சர்க்கரைப் பசையும் சேத்து சுரக்குது, புரதம் அதுல தங்கும்போல. இந்த ஜீனே பாக்டீரியாகிட்டருந்து வந்திருக்கலாம்ங்கறாங்க. ஒரே ஒரு செல், தன்னச் சுத்தி இருக்கற ஐஸயே மாத்துது, எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு.

மே 20
மத்தியானம் பூரா கரண்ட் இல்ல. ஐஸ்கிரீம் உருகி மறுபடி உறைஞ்சு நறநறன்னு ஆயிடுச்சு. படிகம் பெருசாறது இதேதான்.

மே 25
கூப்பிட்டான்!! குரல் விட்டு விட்டு வந்துச்சு. இன்னும் ரெண்டு நாள்ல சூரியன் போயிடும், ஜூலைலதான் திரும்பும்னான். பாசி என்ன பண்ணும்னு கேட்டேன், சேத்து வெச்ச கொழுப்புல மெதுவா மூச்சு விட்டுட்டு கெடக்கும்க்கான்னான். நீ சாப்பிடறியான்னு கேக்கறதுக்குள்ள கட்.

மே 28
பருப்புப்பொடி வேணும்னு மெசேஜ். அங்க கோடை வந்து அடுத்த டீம் போற வரைக்கும் அனுப்ப வழியே இல்ல, அம்மா இன்னிக்கே வறுக்க ஆரம்பிச்சிட்டாங்க.