பிழையைச் சொல்ல விடுற ஒபிஸ்

வேலை செய்யிற இடத்தில உங்களுக்குள்ள உறவு எப்பிடி எண்டு யாழ்ப்பாணத்தில ஆரைக் கேட்டாலும் "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி" எண்டுதான் முதல் சொல்லுவினம். அது பொய்யில்லை, ஆற்றையும் வீட்டில செத்தவீடு எண்டா ஒபிஸ் முழுக்க வான் பிடிச்சுப் போகும், சாமத்தியவீட்டுக்குக் காசு சேர்ப்பினம், மத்தியானம் ஒராளின்ர சோத்துப் பெட்டிக்குள்ள நாலு பேரின்ர கை போகும். ஆனா உங்கட மனேச்சர் போட்ட கணக்கில ஒரு பிழையைக் கண்டா அவரிட்டச் சொல்லுவியளோ எண்டு கேட்டாச் சரி, கதை அந்த இடத்தில நிண்டிடும்.

என்ர மாஸ்டர்ஸ் ஆராய்ச்சி அந்த இடத்தைப் பற்றித்தான்.

வேலை செய்யிற இடத்து உறவுகளைப் பற்றின இந்தப் பாடத்தில எல்லாரும் முதல் படிக்கிறது ஹோதோர்ன் ஆய்வு, 1924 இல சிகாகோவுக்குப் பக்கத்து பக்டரி ஒண்டில ஆக்கள் கூட வேலை செய்யினமோ எண்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாத்த கதை. என்ர கேள்விக்கு அது காணாது. என்னைப் பிடிச்சு இருத்தினது ஏமி எட்மண்ட்சன். இப்ப ஹாவார்டில பேராசிரியர், 1990களின்ர தொடக்கத்தில அங்க ஆராய்ச்சி மாணவியா இருக்கேக்க ஆஸ்பத்திரி வாட்டுகளில மருந்து குடுக்கேக்க நடக்கிற பிழையளைப் பாத்தவா. ஒற்றுமையான வாட்டில பிழை குறைவா இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு போக, தரவு தலைகீழா வந்திட்டுது, நல்ல உறவு இருக்கிற வாட்டிலதான் பிழை கூடப் பதிவாகியிருக்கு. தேடிப் பாக்கேக்கதான் காரணம் விளங்கினது, அங்கத்த நேர்ஸ்மார் பிழை நடந்தா வாய் திறந்து சொல்லுவினம், மற்ற வாட்டுகளில பயத்தில மூடி மறைச்சுப்போடுவினம். பேந்து 1999 இல ஒரு கொம்பனியில 51 குழுக்களை வைச்சு எழுதின கட்டுரையில இந்தப் பயமில்லாத நிலையை உளவியல் பாதுகாப்பு எண்டு வைச்சுத்தான் விளங்கப்படுத்தினவா.

அதை வாசிச்ச பிறகு எனக்கு எங்கட ஒபிசுகளைப் பாக்கிற கண்ணே மாறிப்போச்சு.

எங்கட ஊரில இதை அளக்கிறது லேசான வேலை இல்லை. கேள்விக்கொத்தை மேலதிகாரியின்ர கையால குடுத்தா எல்லாரும் "முற்றாக உடன்படுகிறேன்" எண்டு கோடு போட்டுத் தந்திடுவினம், அதை வைச்சு என்னத்தை எழுதிறது. அதால நான் ஆக்களை ஒபிசுக்கு வெளியில, அவையளின்ர வீட்டு விறாந்தையில இருந்துதான் கதைக்கிறன். ஒரு தங்கச்சி சொன்னா, "அக்கா, நான் பிழை எண்டு சொன்னா மனேச்சர் ஏசமாட்டார், மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிவார், பேந்து நான் எப்பிடிப் போய் லீவு கேக்கிறது?" அந்தப் பிள்ளையின்ர அம்மாவுக்கு மாதாமாதம் கிளினிக். அப்ப லீவு எண்டது அவளுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறதில ஒரு பிழையும் இல்லை.

இன்னொரு இடத்தில கணக்காளர் ஐயா ஒருத்தர் காலமை வந்தோண்ண "நேற்று ஒரு வவுச்சரைப் பிழையான செலவுத் தலைப்பில போட்டிட்டன், நீங்களும் ஒருக்கா உங்கடையைப் பாருங்கோ" எண்டு தானாவே சொல்லுறவராம். அங்க ஒண்டா இருந்து சாப்பிடுறதும் குறைவு, ஒராளின்ர வீட்டை மற்றாள் போறதும் குறைவு, ஆனா புதுசா வந்த பெடியன் கூட "ஐயா இந்தக் கூட்டல் சரியில்லை" எண்டு சொல்லுறான். என்னைக் கேட்டா உறவு நல்லா இருக்கிறது அங்கதான். ஹோட்டலில ஒருநாள் பயிற்சி வைச்சு, பலூன் ஊதி விளையாடி, குறூப் போட்டோ எடுக்கிறதுக்குச் செலவழிக்கிற காசால இதில காப்பங்கும் கிடைக்காது எண்டு நான் நம்புறன், ஏனெண்டா முதல் வாய் திறக்கவேண்டியது மேல இருக்கிறவர்.

அதால அடுத்ததா மேலதிகாரியளிட்டத்தான் போகப்போறன். உங்கட ஸ்டாஃப் நல்லவையோ எண்டு கேக்கிற எண்ணம் இல்லை. கடைசியா ஒராள் வந்து "சேர், இது பிழை" எண்டு சொன்னது எப்ப, அதுக்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது எண்டுதான் கேக்கப்போறன்.