காட்பாடி ரயில் நிலையத்தில் கேட்ட மொழிகள்

மகளை வேலூர் வி.ஐ.டி.யில் சேர்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 1984இல் ஜி.விசுவநாதன் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இன்று காட்பாடியில் இறங்கினாலே அதன் விரிவு தெரிகிறது. தன்பாத் – ஆலப்புழை ரயிலிலிருந்து பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் இறங்குகிறார்கள். நடைமேடை முழுக்க இந்தியும் தெலுங்கும் மலையாளமும்.

முதல் மாதம் என் மகள் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே சாப்பிடப் போனாள். அதில் தவறில்லை, புது இடத்தில் தாய்மொழி ஒரு பிடிமானம். அவளை மாற்றியது விடுதி அறையின் அலமாரிதான். நாங்கள் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடிக்குப் பக்கத்தில் விஜயவாடா கோங்குரா ஊறுகாய், அதற்கடுத்து ராஞ்சிப் பெண்ணின் வறுகடலை மாவு. காய்ச்சலில் கிடந்த நாளில், அந்தப் பெண்தான் மாவைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து இவளைக் குடிக்க வைத்தாள். இப்போது இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.

மாநிலங்கள் கலந்தால் மட்டும் போதாது, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வர வேண்டும். மாவட்டந்தோறும் அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் கிராமப்புற மாணவர்களை அங்கே இலவசமாகப் படிக்க வைக்கும் 'ஸ்டார்ஸ்' திட்டத்தை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். எல்லாத் தனியார் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்யலாமே!

பொங்கலுக்கு ராஞ்சிப் பெண் கும்பகோணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என் அம்மா இன்றே கடலை வறுக்க உட்கார்ந்துவிட்டார்.