'கெட்' என்ற வினை: பொருளை வலப்பக்கம் தேடுங்கள்

அகராதியில் 'கெட்' என்ற ஆங்கில வினைக்குப் பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. தமிழில் 'பிடி' என்ற வினையைப் பாருங்கள். 'பஸ்ஸைப் பிடித்தான்', 'சளி பிடித்தது', 'எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்'. பக்கத்துச் சொற்களும் அவற்றின் வேற்றுமை உருபும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. தமிழில் வினை கடைசியில் நிற்பதால் அதன் இடப்பக்கம் பார்க்கிறோம். 'கெட்' வந்தால் வலப்பக்கம் பார்க்க வேண்டும்.

வலப்பக்கம் பெயர்ச்சொல் நின்றால் பெரும்பாலும் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம்). 'கெட் மீ எ சேர்' என்றால் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வா. பெயரடை நின்றால் 'ஆகு' என்ற பொருள்: 'இட் இஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டும் குழம்பும்போதுதான் பெரிய பிழை நேர்கிறது. 'அவள் டாக்டர் ஆனாள்' என்று நினைத்து 'ஷி காட் எ டாக்டர்' என்று எழுதினால், படிப்பவருக்கு 'அவள் ஒரு டாக்டரை அழைத்து வந்தாள்' என்றே புரியும். தொழிலுக்கும் பதவிக்கும் 'பிகேம்' மட்டுமே.

இடம் வந்தால் போய்ச் சேர்வது. நடுவில் 'டு' வேண்டும்: 'காட் டு த ஸ்டேஷன்'. ஆனால் ஹோம், ஹியர், தேர் ஆகியவற்றுக்கு முன் 'டு' வராது. 'காட் டு ஹோம்' பிழை. 'டு'வுக்குப் பின் இடத்துக்குப் பதில் வினை வந்தால் பொருளே மாறி, வாய்ப்புக் கிடைப்பதைக் குறிக்கும்: 'டிட் யூ கெட் டு சீ ஹிம்?', அவரைப் பார்க்க முடிந்ததா?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பிறரைக் கொண்டு செய்விக்கும் அமைப்பு. முடிதிருத்துபவரிடம் போய் வந்தாலும் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்றுதான் தமிழில் சொல்கிறோம். வெட்டியவர் யார் என்பது கேட்பவருக்குத் தானாகவே புரியும். ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் நீங்களே கத்தரிக்கோலை எடுத்தீர்கள் என்று பொருள். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. வரிசையை மாற்றக் கூடாது: கெட், பிறகு செயப்படுபொருள் ('மை ஹேர்'), பிறகு வினையின் மூன்றாம் வடிவம் ('கட்'). செய்பவரைச் சொல்வதானால் அமைப்பு வேறு: 'ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்'. இங்கே 'டு' கட்டாயம். இதே வேலையைச் செய்யும் 'ஹேவ்', 'மேக்' இரண்டுக்கும் 'டு' கிடையாது: 'ஐ ஹேட் ஹிம் ரிப்பேர் இட்'. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துப் படித்தால்தான் இந்த வேறுபாடு மனதில் நிற்கும்.

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் வாக்கிய மாற்றப் பகுதி இதை நன்றாகவே சோதிக்கும். கொடுத்த சொல்லையும் சேர்த்து 2 முதல் 5 சொற்களில் விடை அமைய வேண்டும். 'எ மெக்கானிக் ரிப்பேர்ட் மை கார்' என்பதை 'காட்' வைத்து மாற்றினால் 'ஐ காட் மை கார் ரிப்பேர்ட் பை எ மெக்கானிக்'. இடைவெளியில் வருவது 'காட் மை கார் ரிப்பேர்ட்', நான்கு சொற்கள். சுருக்க வடிவங்களைப் பெரும்பாலும் இரண்டு சொல்லாக எண்ணுவார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பேச்சில் சில இடங்கள் வழுக்கும். 'ஐ ஆம் நாட் கெட்டிங் யூ' என்று பலர் சொல்கிறார்கள். புரிதல் என்ற பொருளில் 'ஐ டோன்ட் கெட் இட்' என்பதே இயல்பு. பஸ்ஸிலிருந்தும் ரயிலிலிருந்தும் இறங்குவது 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்குவது 'கெட் அவுட் ஆஃப்'. 'கெட் டவுன்' நம்மிடையே புழங்கினாலும் சர்வதேசத் தேர்வில் தவிர்த்துவிடுங்கள். திருமணத்தைச் சொல்லும்போது 'காட் மேரீட் டு', 'வித்' வராது.

ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் 'கெட்' அடிக்கடி வந்தால் நடை தளர்ந்துவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'கெட்'டையும் வட்டமிட்டு, ரிசீவ், அப்டெய்ன், பிகம், ரீச் ஆகியவற்றில் பொருந்துவதை இட்டுப் பாருங்கள். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் இந்த மாற்றம் தேவையில்லை. அங்கே 'அப்டெய்ன்' செயற்கையாக ஒலிக்கும்.

குறிப்பேட்டிலும் பொருள்வாரியாகப் பிரிக்காமல் அமைப்புவாரியாகப் பிரியுங்கள்: பெயர்ச்சொல், பெயரடை, இடம், 'டு'வோடு வினை, செயப்படுபொருளோடு மூன்றாம் வடிவம். படிக்கும் பத்தியில் 'கெட்' தென்படும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கத்திலும் சேராத வாக்கியம் பெரும்பாலும் 'கெட் ஓவர்', 'கெட் அலாங் வித்' போன்ற கூட்டுவினையாக இருக்கும்; அவற்றை மட்டும் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும்.